காலால் தள்ளும் வண்டிக்குக் கையால் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம்.

கிக் ஸ்கூட்டர் என்றதும் வழவழப்பான தரையில் பிள்ளைகள் ஒரு காலால் உந்திக்கொண்டு போகிற சின்ன வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதன் முரட்டு அண்ணனைப் பற்றி. காற்றடித்த தடித்த டயர், அகலமான பலகை; ஓடுகிற இடம் மண்ணும் கல்லும் மரவேரும் நிறைந்த சரிவு. ஏறும்போது தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இறங்கும்போதுதான் அதன் ஆட்டம், பிரேக்கின் நினைப்பும் அப்போதுதான்.

இப்படிப்பட்ட சின்னச் சக்கர வண்டிகள் பலவற்றில், வாங்கும்போதே இருப்பது பின்சக்கரத்து மட்கார்டு பிரேக். காலால் அழுத்தினால் தகடு டயரில் உரசும். காய்ந்த தரையில் பரவாயில்லை. சேறு ஏறிவிட்டால் தகட்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் பூசிக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். போதாததற்கு, இரண்டு காலையும் பலகையில் ஊன்றி நிற்கவேண்டிய நேரத்தில்தான் ஒரு காலைத் தூக்கவேண்டி வருகிறது. அதனால்தான் கைப்பிடியில் லீவர் வைத்து டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக், மாட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

சரி, மாட்டலாம். எவ்வளவு பெரிய டிஸ்க்? பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பார்கள். மனதிலேயே ஒரு படம் போட்டுப் பாருங்கள். 8 அங்குலச் சக்கரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். அச்சு தரையிலிருந்து 100 மில்லிமீட்டரில் இருக்கும். அதில் 160 மில்லிமீட்டர் டிஸ்க் மாட்டினால் அதன் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடைவெளி வெறும் 20 மில்லிமீட்டர். டயர் அமுங்கினால் அதுவும் குறையும். ஒரு சின்னக் கல் போதும், டிஸ்க் வளைந்துவிடும். 140 வைத்தால் 30 மில்லிமீட்டர் கிடைக்கும். அதுவும் தாராளமில்லை.

உண்மையில் பெரிய டிஸ்க் தேவையும் இல்லை. சக்கரம் சின்னதானால் அதை நிறுத்தத் தேவையான முறுக்குவிசையும் அதே விகிதத்தில் குறைகிறது. 26 அங்குல சைக்கிள் சக்கரத்துக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆனால் வெப்பம் குறையாது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, 50 மீட்டர் உயரம் இறங்கி வந்தால் 39 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாகவேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாகும். ஆகவே நீண்ட சரிவில் லீவரைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

அடுத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரை எதில் மாட்டுவது? சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கில் அதை மாட்டுவதற்கான காது இல்லையென்றால் சிலர் வெல்டிங் செய்துவிடுகிறார்கள். அலுமினிய ஃபோர்க்கில் இது வேண்டவே வேண்டாம். வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் உலோகம் வலுவிழக்கும். பிரேக் பிடிக்கும்போது முழு முறுக்கும் ஃபோர்க்கின் அந்த ஒரு காலில்தான் விழுகிறது. காதும், டிஸ்க்கை மாட்ட ஆறு போல்ட் துளையுள்ள ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) உள்ள பாகங்களாகவே வாங்கிவிடுங்கள்.

லீவர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய லீவர் சும்மா கிடக்கிறதே என்று, அதிகக் கேபிள் இழுவை கேட்கிற காலிபரோடு இணைத்துவிட்டேன். அந்த லீவரோ கேபிளைக் கொஞ்சமாகவே இழுக்கும் வகை. முதல் சரிவிலேயே லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. புதருக்குள் போய்த்தான் நின்றேன். லீவரும் காலிபரும் ஒரே இழுவைக்கு ஏற்றவையா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

முன்னா, பின்னா என்றால், முதலில் பின்பக்கம் மாட்டுங்கள் என்பேன். சைக்கிள்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், முன்பிரேக்குக்குத்தான் வலு அதிகம் என்று. அது சரிதான். ஆனால் ஸ்கூட்டரில் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். உடலின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்திலும், முன் அச்சுக்கு 50 சென்டிமீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமதரையில்கூட, வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியை எட்டுவதற்கு முன்பே பின்சக்கரம் மேலே எழும். முழங்காலை மடக்கி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, 90 உயரமும் 70 தூரமும் ஆக்கிக்கொண்டால் அதே எல்லை முக்கால் பங்கைத் தாண்டும். சரிவில் இரண்டுமே குறையும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும், சமாளிக்கலாம். முன்பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் ஆளே கைப்பிடிக்கு மேல் போவார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிற நிலை உடம்பில் பதிந்த பிறகு முன்பிரேக் மாட்டுங்கள், அதுவும் மெதுவாகப் பிடிக்கிற மாதிரி.

கேபிளைக் கட்டும்போது கைப்பிடியை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், இழுபடக் கூடாது. டிஸ்க்கிலும், காலிபருக்குள் இருந்து அதில் உரசும் பேடிலும் எண்ணெய்க் கை படவே கூடாது. புது பேட் உடனே பிடிக்காது. சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்து, நடை வேகத்துக்குக் குறைத்து, மறுபடி எடுத்து, 20 தடவையாவது இப்படிச் செய்யவேண்டும். அப்புறம் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, சின்னச் சரிவாகப் பார்த்து இறங்குங்கள். வணக்கம்.