நாயை போர்டிங்கில் விடுவதற்கு முன்: ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டீர்களா?

[திரையில் ஒரு நாட்காட்டி. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்.]

தை பிறந்துவிட்டால் ஊரில் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும். பத்திரிகை கைக்கு வந்ததும் திருச்சிக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்க்கிறோம். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு வாரம் இதை யார் பார்த்துக்கொள்வது?

சிங்கப்பூரில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடிகிறது. சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அதே வாரங்களில்தான் வரும். 2025-ல் ஜனவரி 29. 2027-ல் பிப்ரவரி 6. நாம் கல்யாணத்துக்குக் கிளம்பும் அதே வாரத்தில் பாதிச் சிங்கப்பூர் விடுமுறைக்குக் கிளம்புகிறது. போர்டிங், அதாவது காசு வாங்கிக்கொண்டு பிராணிகளைத் தங்கவைக்கும் இடங்கள், நிரம்பிவிடும், பல இடங்களில் பண்டிகைக் காலக் கட்டணம் என்று தனியாக ஏற்றியும் வைப்பார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் இதே கதைதான். விமான டிக்கெட் எடுக்கும் அன்றே நாய்க்கும் இடம் பிடித்துவிடுங்கள்.

[விமான நிலையம். சாங்கி புறப்பாட்டுப் பலகை.]

"ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. போவது ஒரு பாடு, திரும்பி வருவது பெரும்பாடு. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அந்த நிலையைக் காப்பாற்ற, நோய் இருக்கும் நாடுகளிலிருந்து வரும் நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு வாரக் கல்யாணத்துக்காக இதில் இறங்குவது நாய்க்கும் நல்லதில்லை, உங்கள் பைக்கும் நல்லதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஜொகூருக்குக் கூட்டிப்போக நினைத்தாலும் இந்த விதிகள் வந்து நிற்கும்.

சரி, விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எங்கே விடுவது?

[வரைபடம். சுவா சூ காங் பக்கம் ஒரு புள்ளி.]

பெரிய இடங்கள் பல ஊரின் ஓரத்தில் இருக்கின்றன. சுங்கை தெங்கா சாலையில் உள்ள 'தி அனிமல் லாட்ஜ்' அதில் ஒன்று. போர்டிங் நடத்துபவர்கள், விலங்குநல அமைப்புகள் எனப் பலர் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிக்கு இடமில்லை, வழிகாட்டி நாய்க்கு மட்டும்தான் விலக்கு. அதனால் கார் இல்லாதவர்கள் பிராணியை ஏற்றிக்கொள்ளும் கிராப்பெட் போன்ற வாடகைக் கார் சேவைக்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். போக ஒரு தடவை, கூட்டிவர ஒரு தடவை. போர்டிங்கே வந்து ஏற்றிக்கொள்ளுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகை, யாராவது தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. "கூண்டு கிடையாது, வீட்டுச் சூழல்" என்று விளம்பரம் செய்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். தனியார் வீட்டில் மூன்று. ஒருவர் தன் வீவக வீட்டில் ஒரே சமயத்தில் ஐந்து நாய்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால், எண்ணிக்கையே உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

2018 கடைசியில் புக்கிட் தீமாவில் ஒரு தரைவீட்டில் நடந்த போர்டிங் பற்றிப் பெரிய செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். விட்டுப்போன நாய்கள் மோசமான நிலையில் திரும்பின, ஒரு நாய் இறந்தே போனது, அதிகாரிகள் போய் அங்கிருந்த பிராணிகளை மீட்டார்கள், வழக்கும் நடந்தது. இணையத்தில் அந்த இடத்தின் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன என்பதுதான் கொடுமை. பின்னர் 2022 ஏப்ரலில், வணிக முறையில் பிராணிகளைத் தங்கவைப்பவர்களுக்குப் புதிய உரிம நிபந்தனைகள் நடப்புக்கு வந்தன. இதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் ஏவிஎஸ் எனும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு. உரிம எண்ணைக் கேளுங்கள். முறையாக நடத்துபவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

[இருட்டான ஒரு கூடம். கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும்.]

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். போனில் பேசும்போது நாம் என்ன கேட்கிறோம்? ஏசி இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா, தினம் போட்டோ அனுப்புவீர்களா. எல்லாம் பகல் நேரக் கேள்விகள். நான் முதலில் கேட்கச் சொல்வது இது: "ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே யார் இருப்பார்கள்?"

பதில்கள் மூன்று விதமாக வரும். ஓர் ஊழியர் அங்கேயே தங்குகிறார் என்பது ஒன்று. "சிசிடிவி இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது" என்பது இன்னொன்று. கேமரா பார்க்கும், எழுந்து வந்து கதவைத் திறக்காது. அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார், எதாவது என்றால் எவ்வளவு நேரத்தில் அங்கே வந்து சேருவார் என்று விடாமல் கேளுங்கள். மூன்றாவது, கொஞ்சம் இழுத்துவிட்டு, "காலையில் ஏழு மணிக்கு ஆள் வந்துவிடுவார்" என்பது. அப்படியென்றால் இரவு முழுக்க நாய்கள் தனியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

ராத்திரியில் அப்படி என்ன நடந்துவிடும்? ஏசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும். நம்முடைய புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் காயாது. மூடிய அறையில் ஏசி நின்றுபோனால், மூக்கு சப்பையான பக், ஃபிரெஞ்சு புல்டாக், ஷீட்சூ போன்ற இனங்கள் மற்ற நாய்களைவிட வேகமாகத் திணறும். அவற்றின் மூச்சுக்குழல் அமைப்பே அப்படி. ஏசி நின்றால் மின்விசிறி இருக்கிறதா, ஏசி நின்றது யாருக்குத் தெரியவரும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. இரைப்பை வீங்கி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, வயிறு உப்பும். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைப்பது கடினம். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியதைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் என்ன பயன்? இடிச்சத்தத்துக்குப் பயந்து கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்களும் இருக்கின்றன.

இடத்தைப் பார்க்கப் போகும்போது மதியம் மூன்று மணிக்குப் போங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது கூண்டு இருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். வாசலில் ஒரு கதவா, இரண்டு கதவா என்று பாருங்கள். இரண்டு கதவு இருந்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், நாய் தப்பி ஓடாது. விளையாட விடும்போது சிறிய நாய்களையும் பெரிய நாய்களையும் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். "உள்ளே பார்க்க அனுமதி இல்லை" என்றால், குறைந்தது வீடியோவிலாவது காட்டச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

[ஒரு படிவம். பேனா முனை ஒரு வரியில் நிற்கிறது.]

அடுத்தது, சேர்க்கும்போது தரும் படிவம். எல்லோரும் கடகடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது இதில்தான். அதில் அவசரச் சிகிச்சைக்கான வரி ஒன்று இருக்கும். அந்த வரியில் நின்று யோசியுங்கள்.

நீங்கள் திருச்சிக்குப் பறக்கிறீர்கள். நான்கு மணி நேரம் போன் அணைந்திருக்கும். இறங்கியதும் இந்திய சிம் போட்டால் சிங்கப்பூர் எண் கிடைக்காது. முகூர்த்த நாளன்று போர்டிங் ஊழியர் காலை எட்டு மணிக்கு அழைக்கிறார், அங்கே மணி ஐந்தரை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், உங்கள் போன் யாருடைய கைப்பையிலோ கிடக்கிறது. இங்கே வெட் கிளினிக்கில் மருத்துவர் நிற்கிறார். ஸ்கேன் எடுக்கலாமா, அறுவை சிகிச்சை செய்யலாமா, காசு யார் கட்டுவார் என்று யாரிடம் கேட்பது?

அதனால் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் பெயரைக் கொடுங்கள். அக்காவோ, மாமாவோ, பக்கத்து புளோக் நண்பரோ. பெயரைக் கொடுத்தால் மட்டும் போதாது, முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று எழுதிக் கொடுங்கள். தொகையும் எழுதலாம். "2,000 வெள்ளி வரை என்னைக் கேட்காமல் சிகிச்சை செய்யலாம், அதற்கு மேல் போனால் இவரிடம் கேட்கவும்" என்பது மாதிரி. தொகை உங்கள் விருப்பம். எந்த கிளினிக்குக்குக் கொண்டுபோவது, இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அந்த உறவினரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடுராத்திரி போன் வந்த பிறகு "எனக்கு யாரும் சொல்லலையே" என்று அவர் முழிக்கக் கூடாது.

கட்டணத்தை இரவுக்குக் கணக்கிடுகிறார்களா, நாளுக்கா என்பதும் இதே படிவத்தில் இருக்கும். வெள்ளி மாலை விட்டு ஞாயிறு காலை எடுத்தால், ஓர் இடத்தில் இரண்டு, இன்னோர் இடத்தில் மூன்று.

[தடுப்பூசி அட்டை. மருத்துவரின் முத்திரை.]

தடுப்பூசி அட்டை கேட்காத இடத்தில் நாயை விடாதீர்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் பக்கத்துக் கூண்டுக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ், கல்லீரல் அழற்சி ஆகிய நோய்களுக்கானவை அடிப்படை ஊசிகள். போர்டிங்கைப் பொறுத்தவரை 'கென்னல் காஃப்' எனும் இருமலும் முக்கியம். நாய்கள் கூடும் இடத்தில் காற்றிலும் எச்சிலிலும் பரவுவது அது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், அடிக்கடி மழை பெய்யும் ஊர் இது. கிளம்பும் முந்திய நாள் ஓடிப்போய் ஊசி போட்டால் பலன் இருக்காது. எதிர்ப்பு சக்தி உருவாக நாள் பிடிக்கும், சில ஊசிகளுக்கு இரண்டு தவணை வேண்டும். ஒரு மாதம் முன்பே போங்கள். உண்ணிக்கான மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம். நாயின் உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

[சமையல் மேடை. சிறிய பைகள், மேலே காகித நாடா.]

சாப்பாடு. நம் வீட்டு நாய்களில் பாதி தயிர்சாதத்தில் வளர்பவை, இதை மறைத்துப் பயனில்லை. போர்டிங்கில் உலர் தீனி மட்டும் போட்டால், திடீர் மாற்றத்தில் வயிற்றுப்போக்கு வரும். பத்து நாள் முன்பிருந்தே தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். வேளைக்கு ஒரு பை என்று கட்டி, மேலே 'திங்கள் காலை', 'திங்கள் மாலை' என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஊழியர் தமிழ் படிப்பார் என்று நினைக்க வேண்டாம். தாமதமானால் என்று இரண்டு நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் எப்போதுமே கூடாது, நாய்க்கு வெங்காயம் விஷம். துவைக்காத உங்கள் பழைய டீசட்டை ஒன்றும் பையில் போகட்டும், வாசனை தெரிந்தால் படுத்துத் தூங்கும்.

ஒரு வாரம் விடுவதற்கு முன்னால் ஒரே ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் கூட்டிவரும்போது சாப்பிட்டதா, மலம் எப்படி, குரைத்துக்கொண்டே இருந்ததா என்று கேளுங்கள். "நல்லா இருந்துச்சு" என்பதோடு பதில் நின்றால், அவர்கள் எதையும் குறித்துவைக்கவில்லை.

[சோபாவின் மேல் ஒரு பூனை.]

பூனை வைத்திருப்பவர்களே, உங்களுக்குக் கணக்கு வேறு. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அதனால் பூனையை எங்கே விடுவது என்பதை இப்போது வெளிப்படையாகவே பேசலாம். என் கருத்து: முடிந்தவரை எங்கும் விடாதீர்கள். நாய் ஆளோடு ஒட்டும், பூனை இடத்தோடு ஒட்டும். இடம் மாறினால் பல பூனைகள் சாப்பாட்டை நிறுத்திவிடும். சில நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தினமும் ஒருவர் வீட்டுக்கு வந்து உணவு வைத்து, மண் தட்டைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது மேல். ஜன்னல் வலை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். போர்டிங்தான் வழி என்றால், நாய் குரைப்பது கேட்காத தனி அறை இருக்கும் இடமாகப் பாருங்கள்.

இன்சுலின் போடும் பிராணி, வலிப்பு வரும் பிராணி, மிகவும் வயதானது, இவற்றுக்கு வெட் கிளினிக்கே நடத்தும் போர்டிங்தான் சரி. அங்கேயும் ராத்திரிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிளினிக் என்பதால் மட்டும் இரவில் ஆள் இருப்பார் என்று ஆகாது.

[நாய் வீட்டு வாசலில். பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை.]

திரும்பி வந்து கூட்டிவந்ததும் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், ஒரு நாள் முழுக்கத் தூங்கும், தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கும். இதெல்லாம் சாதாரணம். காதுக்குள், கால் விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று அன்றே தடவிப் பாருங்கள். வாத்து கத்துவது போல வறட்டு இருமல் வந்தால், அது இரண்டு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம், மருத்துவரிடம் போகும்போது எந்தத் தேதியில் எந்த போர்டிங்கில் இருந்தது என்று சொல்லுங்கள். அந்த இடத்துக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அதே வாரம் அங்கே இருந்த மற்ற நாய்களின் வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் சொல்லவேண்டியிருக்கும்.