கார்த்திகை அன்று அணைக்கும் விளக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருக்கார்த்திகை அன்று சாயங்காலம் வாசலில் அகல் ஏற்றி வைத்ததும், நாம் எல்லோரும் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. போர்டிகோவில் எரியும் ட்யூப்லைட்டை அணைத்துவிடுவோம். அதை அணைத்தால்தான் அகல் தெரியும். வீட்டுத் தோட்டங்களுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலில் பாதி இந்த அணைக்கிற வேலைதான் என்று சொன்னால், காசு கொடுத்துக் கூப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

புது வீடு கட்டியவர்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு 100 வாட் ஃப்ளட் லைட்டைப் பொருத்தியிருப்பார்கள். திருடன் பயம். அந்த வெளிச்சத்தில் நம் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். வெளிச்சம் படாத வேப்பமரத்தடி முன்பிருந்ததைவிடக் கறுப்பாகிவிடும். திருடன் அங்கே சௌகரியமாக நிற்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையறைக்குத் தடித்த திரை வாங்கி மாட்டியிருப்பார். அது வேறு பஞ்சாயத்து.

ஒரு வீட்டுக்கு நான் முதல் தடவை போவது இரவில்தான். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் சும்மா நிற்பேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்போம்; படிக்கிற மேசைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்பது கணக்கு. பௌர்ணமி நிலவு தரையில் தருவது சுமார் கால் லக்ஸ். அந்தக் கால் லக்ஸில் நம் பாட்டிமார் முற்றத்தில் சோறு பிசைந்து ஊட்டினார்கள். கண் பழகிவிட்டால் அவ்வளவே போதுகிறது. அதன் பிறகு வீட்டுக்காரரை அவர் வழக்கமாக உட்காரும் ஊஞ்சலிலோ திண்ணையிலோ உட்காரவைத்து, ஒரு டார்ச்சை மரத்தடியில் இங்கும் அங்கும் வைத்துக் காட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அவரே, "இன்னும் ஒரு அடி தள்ளி வைங்க தம்பி" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். வரைபடம் அப்புறம்.

மரத்துக்கு மரம் வெளிச்சம் மாறும். தென்னைக்கு விளக்கை அடிமரத்தை ஒட்டியே வைக்க வேண்டும். கற்றை 10, 15 டிகிரிக்குள் குறுகலாக இருந்தால், தண்டின் வளையங்களைத் தடவிக்கொண்டே ஏறி ஓலையைத் தொடும். அதையே மாமரத்தின் அடியில் வைத்தால் வெளிச்சம் அடர்ந்த இலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாமரத்துக்கு நிழல் விழும் எல்லையைத் தாண்டி, தள்ளி நின்று வெளிச்சம் கொடுக்க வேண்டும். வேம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, சின்ன இலை வழியே எப்படியும் கசிந்துவிடும். எனக்குப் பிடித்தது வாழை. விளக்கைப் பின்பக்கம் ஒளித்துவைத்தால், இலை முழுக்க நரம்போடு பச்சைக் கண்ணாடி மாதிரி ஒளிரும். மரத்துக்குப் பச்சை பல்புதான் வேண்டும் என்று கேட்பவர்களை இந்த வாழையைக் காட்டித்தான் சமாதானப்படுத்துகிறேன்.

கருங்கல் சுவர் இருந்தால் ஒட்டினாற்போல் கீழிருந்து வெளிச்சம் கொடுங்கள், கல்லின் கொத்து வேலை எழுந்து நிற்கும். பூசிய சுவரில் மட்டும் வேண்டாம். கொத்தனார் விட்ட மேடு பள்ளமெல்லாம் தெருவுக்கே தெரிந்துவிடும்.

படிக்கட்டில் மட்டும் சிக்கனம் கூடாது. வயதானவர்கள் இறங்கும் இடம். ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும், பல்பு தெரியக் கூடாது. நடைபாதைக்கு முழங்கால் உயர விளக்கு, கீழ்நோக்கி. இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நட்டால் விமான ஓடுபாதை மாதிரி ஆகிவிடும், மாற்றி மாற்றி வையுங்கள்.

கடையில் பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 6500கே என்று இருந்தால் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். அந்த வெள்ளையில் இலை சாம்பல் பூத்த மாதிரி தெரியும், பூச்சியும் அதிகம் வரும். 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவு. மழை விட்டதும் ஈசல் கிளம்புகிற இரவில் எந்த நிறமும் உதவாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவதுதான் வழி.

சாமந்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு நீண்ட இரவு வேண்டும். இரவெல்லாம் விளக்கு பட்டால் மொட்டு வைக்கத் தாமதமாகும். விலை பார்த்துப் பூவைத் தள்ளிப்போட விரும்பும் விவசாயிகள் வேண்டுமென்றே பல்பு கட்டுவார்கள். நம் வீட்டில் தெரியாமல் அதையே செய்துவிட்டு, உரத்தைக் குறை சொல்கிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த வீடு என்றால் நான் கேட்பது வேறு. பங்குனி ஆமைகள் அந்தக் கரையில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று எண்ணித்தான் நகரும். நம் தோட்ட விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் நம் கேட்டுக்கு வந்துவிடும். ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்க விளக்குகளுக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, அணைத்தே வைத்திருங்கள்.

இனி ஒயர். இதில் என் வீட்டிலேயே நான் தப்புச் செய்திருக்கிறேன். மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்டை டேப் சுற்றிப் புதைத்தேன். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் புகுந்து, நடுராத்திரியில், கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்து, வீடே இருட்டு. ஃப்ரிட்ஜுக்கும் அதே ஆர்சிசிபிதான். "ஊருக்கெல்லாம் லைட்டு போடுற, நம்ம வீட்டுல அகலைத் தேட வேண்டியிருக்கு" என்றார் அப்பா. அன்றிலிருந்து தோட்டத்துக்குத் தனி ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியரில். ஜாயின்ட் எல்லாம் தரைக்கு மேலே பெட்டிக்குள். மண்ணில் பதிக்கும் விளக்கு ஐபி 67 தரமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள். சுவர் விளக்குக்கு 65 போதும்.

குழந்தைகளும் நாயும் ஓடும் தோட்டத்தில் 230 வோல்ட்டை மண்ணுக்குள் கொண்டுபோக எனக்கு மனசு வராது. 12 அல்லது 24 வோல்ட் போதும். தூரமாக இருந்தால் 24. இரண்டரை சதுர எம்எம் செம்பு ஒயரில் 20 மீட்டர் தள்ளி 60 வாட் எரித்தால், 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும், கடைசி விளக்கு அழுது வடியும். 24 வோல்ட்டில் முக்கால் வோல்ட்தான் போகும், கண்ணுக்கே தெரியாது.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். 5 வாட் விளக்கு 12, ஐந்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.3 யூனிட். அந்த மாடி ஃப்ளட் லைட் விடிய விடிய எரிந்தால் 1.2 யூனிட். பத்தரை மணிக்கு டைமர் அணைத்துவிட்டால் போதும், கேட் விளக்கு ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு மீட்டர் ஒயரைச் சுருட்டி விட்டுவையுங்கள். மரம் வளரும். என் மாமரத்து விளக்கை இதுவரை மூன்று தடவை நகர்த்தியாயிற்று. காய்ப்பு முடிந்து ஆடியில் கிளை கழித்தால் நாலாவது தடவை.

வணக்கம்.