செயின்ட் பீட்டர்ஸ் ஜெயித்தது அதிர்ஷ்டமா? சுங்கை சிப்புட் தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. இதை நம்ம சுங்கை சிப்புட்டில் இருந்தே ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். படிவம் 4 படிக்கிறார், லிந்தாங் பக்கம் தோட்டத்தில் வீடு. அவர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்:

"சார், 2022-ல் அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்துப் போட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் காலேஜ் பெரிய குழுக்களைத் தோற்கடித்த வீடியோ பார்த்தேன். அது லக்கா, இல்லை நிஜமாகவே நல்ல குழுவா? எங்கள் பள்ளிக் குழுவில் உயரமானவர்கள் யாரும் கிடையாது. நாங்களும் அந்த மாதிரி ஆட முடியுமா?"

தம்பி, நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பார்க்காதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச் மாதமும் காலேஜ் குழுக்களுக்கான பெரிய போட்டி நடக்கும். மொத்தம் 68 குழுக்கள். அவற்றை நான்கு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை போடுவார்கள். ஓர் ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முதல் சுற்றில் 2-ஆம் இடத்துக் குழுவும் 15-ஆம் இடத்துக் குழுவும் மோதும். 15-ஆம் இடம் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டிய இடம். 2022-ல் அந்த இடத்தில் இருந்ததுதான் செயின்ட் பீட்டர்ஸ். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி சிட்டியில் இருக்கும் சின்ன கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பு மூன்று முறை இந்தப் போட்டிக்கு வந்து ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

எதிரே கென்டக்கி. எட்டு முறை தேசிய சாம்பியன். கென்டக்கி கோச்சின் ஒரு வருடச் சம்பளம் செயின்ட் பீட்டர்ஸ் குழுவின் ஒரு வருடச் செலவைப் போலப் பல மடங்கு. அந்த வருடம் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கிய ஆஸ்கர் செப்வே அந்தக் குழுவில்தான் இருந்தார். ஆட்டம் நடந்தது மார்ச் 17 இரவு. அவர்களுக்கும் நமக்கும் அப்போது சரியாக 12 மணி நேர வித்தியாசம். ஆகவே நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல். தோட்டத்தில் பெரட்டு முடிந்து ஆட்கள் செம்பனை வெட்டப் போயிருக்கும் நேரம்.

செப்வே அன்றைக்கு 30 புள்ளி எடுத்தார், 16 ரிபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்து) பிடித்தார். அப்படி ஒருவர் எதிர்ப்பக்கம் ஆடினால் சாதாரணமாக ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் முடியவில்லை. கடைசி அரை நிமிடத்துக்குள் டக் எடர்ட் போட்ட பந்தில் 71-71 என்று சமம் ஆனது. கூடுதல் நேரத்தில் 85-79 என்று செயின்ட் பீட்டர்ஸ் ஜெயித்தது. டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி, பெஞ்சில் இருந்து வந்த எடர்ட் 20. இரண்டு நாள் கழித்து மர்ரே ஸ்டேட். அந்தச் சீசன் முழுவதும் இரண்டே முறை தோற்றிருந்த குழு அது. 70-60 என்று அதையும் முடித்தார்கள். அடுத்த வாரம் பர்டூ, 67-64. 15-ஆம் இடத்தில் இருந்து கடைசி எட்டுக் குழுக்களுக்குள் வந்தது அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறை.

இனி உங்கள் கேள்வி. லக்கா?

கொஞ்சம் இருந்தது, தம்பி. அதை மறைக்க வேண்டியதில்லை. செயின்ட் பீட்டர்ஸ் சீசன் முழுவதும் ஆடும் சொந்த லீக்கில் முதல் இடம் பிடித்தது ஐயோனா. கோச் ரிக் பிட்டினோ, பெரிய பெயர். அந்த ஐயோனா லீக் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் காலிறுதியிலேயே வேறு ஒரு குழுவிடம் தோற்று வெளியே போனது. இரண்டாம் இடத்தில் இருந்த செயின்ட் பீட்டர்ஸுக்கு வழி கொஞ்சம் லேசானது. இறுதி ஆட்டத்தில் மான்மத் குழுவை 60-54 என்று ஜெயித்து, அந்த ஒரே சீட்டைப் பிடித்தார்கள். சின்ன லீக்குகளில் பெரும்பாலும் சாம்பியனுக்கு மட்டும்தான் இடம் கிடைக்கும். அன்றைக்குத் தோற்றிருந்தால் இன்று நீங்களும் நானும் இவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். கென்டக்கி ஆட்டத்திலும் எதிராளி ஃப்ரீ த்ரோவை, அதாவது ஃபவுல் ஆனதும் தடுப்பு இல்லாமல் போடக் கிடைக்கும் பந்தை, நிறையத் தவறவிட்டார்கள். ஆனால் செயின்ட் பீட்டர்ஸ் தங்களுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைக் கிட்டத்தட்ட எல்லாமே போட்டார்கள். எதிராளி விடுவது நம் லக். நாம் போடுவதை லக் என்று சொல்ல முடியாது.

அந்த மூன்று ஆட்டத்தை மட்டும் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கும். அதே சீசனின் ஆரம்பத்தைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். நடுவில் கோவிட் வந்து ஆட்டங்கள் நின்றுபோயின. மார்ச் போட்டிக்கு வரும்போது அவர்கள் கணக்கு 19 வெற்றி, 11 தோல்வி. யாரும் திரும்பிப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

இன்னும் பின்னால் போங்கள். ஷஹீன் ஹாலோவே கோச்சாக வந்தது 2018-ல். முதல் வருடம் 10 வெற்றி, 22 தோல்வி. அந்த வருடமே வந்து சேர்ந்த பையன் கே.சி. என்டெஃபோ. அடுத்த வருடம் எடர்ட், பேங்க்ஸ், மேத்யூ லீ, மாலி நாட்டில் இருந்து வந்த டிராமே இரட்டையர் ஹசனும் ஃபுசேனியும். 2020 மார்ச்சில் லீக் போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். கோவிட்டால் போட்டியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் 14 வெற்றி, 11 தோல்வி. இப்படி இவர்கள் சேர்ந்தே தோற்று, சேர்ந்தே நின்று, மூன்றாவது, நான்காவது வருடம் ஆடிய சீசன்தான் 2022. நமக்குத்தான் அது மார்ச்சில் வந்த ஆச்சரியம். அவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே கோர்ட்டில் வியர்வை சிந்தி அந்த இடத்துக்கு வந்தவர்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு நல்ல சீசனை ஒரே சீசனில் உண்டாக்க முடியாது.

இப்போது உயரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். பர்டூ ஆட்டத்தைத் தேடிப் பிடித்து முழுசாகப் பாருங்கள். சிறு தொகுப்பு வேண்டாம், முழு ஆட்டம். அப்போது பர்டூவில் ஸாக் ஈடி இருந்தார், 7 அடி 4 அங்குலம். செயின்ட் பீட்டர்ஸில் பெரியவர்கள் என்று சொல்லக்கூடிய என்டெஃபோவும் டிராமே பையன்களும் 6 அடி 7 அங்குலம் அளவுதான். ஈடி பந்தை உயரத்தில் வாங்கிவிட்டால் அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இவர்கள் வேலையை அதற்கு முன்பே ஆரம்பித்தார்கள். அவர் ரிங்குக்குக் கீழே காலை ஊன்றுவதற்குள் நெஞ்சையும் தொடையையும் கொடுத்து, அவருக்குப் பிடித்த இடத்தில் இருந்து ஓர் அடி, ஒன்றரை அடி வெளியே நிறுத்துகிறார்கள். அங்கே வெளியே பந்து வைத்திருப்பவன் முகத்துக்கு நேரே இன்னொருவன் கையைத் தூக்கி நிற்கிறான். அவனால் உள்ளே பார்த்துப் பாஸ் கொடுக்க நேரம் இல்லை. கொடுத்தாலும் அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில் பக்கத்தில் இருந்து இன்னொருவன் வந்து பந்தைத் தட்டிவிடுகிறான். பர்டூவின் நட்சத்திரம் ஜேடன் ஐவி 9 புள்ளியோடு நின்றார். பாதி ஆட்டத்தில் நான்கு புள்ளி பின்னால் இருந்தும் யாரும் பதறவில்லை.

இது உயரத்தால் ஆன வேலை இல்லை, காலால் ஆன வேலை. கால் ஓயாமல் இருக்க வேண்டும் என்றால் பெஞ்சில் ஆள் வேண்டும். ஹாலோவே பத்துப் பேர் வரை மாற்றி மாற்றி இறக்கினார். அந்தச் சீசனில் அவர்களில் ஒருவருக்குக்கூட சராசரி 12 புள்ளி கிடையாது. அதிகம் எடுத்த பேங்க்ஸே 11 சொச்சம்தான். யாரை நிறுத்தினால் இந்தக் குழு நிற்கும் என்று எதிராளி கோச்சுக்குப் புரியாது. என்டெஃபோ 2020-21 சீசனில் நாட்டிலேயே ஆட்டத்துக்கு அதிக சராசரியில் பிளாக் செய்தவர் (எதிராளி ரிங்கை நோக்கிப் போடும் பந்தைத் தடுத்தவர்), 6 அடி 7-ஐ வைத்துக்கொண்டு. குதிப்பதைவிட எப்போது குதிப்பது என்று தெரிந்ததால்தான் அது.

அப்புறம் கடைசி எட்டுக் குழுக்களின் சுற்றில் நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றார்கள். பாதி ஆட்டத்திலேயே 38-19. அன்று பந்து உள்ளே போகவே இல்லை. அந்த நார்த் கரோலினா இறுதி ஆட்டம் வரை போன குழு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். சில நாட்களில் ஹாலோவே தான் படித்து ஆடிய சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போய்விட்டார். அவருடைய வீடு அது, அவரைக் குறை சொல்ல முடியாது. என்டெஃபோவும் அங்கே போனார். எடர்ட் ஒரு பக்கம், பேங்க்ஸ் ஒரு பக்கம், டிராமே இரட்டையர் வேறு பக்கம், லீ இன்னொரு பக்கம். சில மாதத்தில் குழு கலைந்தே போனது. அடுத்த சீசனில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். புதுக் கோச் பஷீர் மேசன் வந்து, 2024-ல் திரும்பவும் லீக்கை ஜெயித்து அதே 15-ஆம் இடத்தில் மார்ச் போட்டிக்குக் கொண்டுவந்தார். முதல் ஆட்டத்தில் டென்னசியிடம் 83-49 என்று பெரிய தோல்வி. 15-ஆம் இடம் என்றால் வழக்கமாக இப்படித்தான் இருக்கும். 2022 எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதைப் பார்த்தால் தெரியும்.

சரி தம்பி, நம்ம ஊருக்கு வருவோம். நீங்களும் ஆட முடியுமா? முடியும். ஆனால் உங்களுக்கு முன்னால் நிற்கும் உண்மையான தடை உயரம் இல்லை. நம் பிள்ளைகள் ஒன்றாக நிலைப்பதில்லை, அதுதான் தடை. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பந்து என்றாலே காற்பந்துதான் பிடிப்பார்கள். நல்ல கூடைப்பந்துத் திடல் சீனப் பள்ளி வளாகத்தில் இருக்கும். சீனப் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே அதில் ஆடி வளர்கிறார்கள். நம் பிள்ளை படிவம் 1-ல் வந்து முதல் முறை பந்தைத் தட்டுகிறான். படிவம் 3-ல்தான் கை பழகுகிறது. அப்போது ஒருவன் விடுதிப் பள்ளிக்குப் போகிறான். ஒருவன் அப்பாவுக்கு ஈப்போவில் வேலை, குடும்பமே கிளம்புகிறது. எஸ்.பி.எம். டியூஷன் என்று இருவர் நின்றுவிடுகிறார்கள். மாலைப் பயிற்சி முடிந்து தோட்டத்துக்குத் திரும்ப பஸ் கிடையாது, வீட்டில் மோட்டார் இருக்கிறவனுக்குத்தான் வசதி. ஒவ்வொரு வருடமும் மாவட்டப் போட்டிக்கு முன்னால் புதுசாக ஐந்து பேரைத் தேடுகிறோம். இப்படி இருந்தால் ஏழு அடிப் பையன் வந்தாலும் குழு வராது.

அதனால் இந்த வருடம் 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்காதீர்கள். உங்கள் பள்ளியில் படிவம் 1, படிவம் 2-ல் ஓடத் தெரிந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை இப்போதே கூட்டிவந்து உங்களோடு நிறுத்துங்கள். தங்கச்சிகள் தனிக் குழு போட விரும்பினால் அவர்களையும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள், திடல் எல்லாருக்கும்தான். பெற்றோர்களே, நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: வாரத்தில் இரண்டு மாலை உங்கள் பிள்ளையையும் பக்கத்து லயத்துப் பிள்ளையையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். பந்து வாங்கிக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி.

பயிற்சியில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதல் அரை மணி நேரம் பந்தையே தொட வேண்டாம். இருவர் இருவராக நில்லுங்கள். ஒருவன் கோட்டுக்குக் கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். மற்றவன் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, காலைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகர்ந்து அவன் நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. தொடை எரியும், எரியட்டும். அப்புறம் ரிங்குக்குக் கீழே உங்களில் குண்டான, வலுவான பையனை நிறுத்தி, பாஸ் வருவதற்கு முன்பே அவனை ஓர் அடி வெளியே தள்ளி நிறுத்திப் பழகுங்கள். கடைசியாக, ஓடிக் களைத்து மூச்சு வாங்கும்போது ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ. களைப்பாக இருக்கும்போதுதான் போட வேண்டும், ஆட்டத்தில் அப்படித்தான் வரும்.

பயிற்சி எப்படிப் போகிறது என்று ஒரு வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள் தம்பி, கால் எப்படி நகர்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அடுத்த கேள்வி கிள்ளானில் இருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார், மகளின் முழங்கால் வலி பற்றி.