மண்ணைக் கட்டிப்போடுவது

நேயர்களுக்கு வணக்கம். மண்ணால் வீடு கட்டுவதைப் பற்றி நான் எங்கே பேசினாலும், யாராவது ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, நிலநடுக்கம் வந்தால்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரில் பூமி அதிர்ந்தபோது 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் இறந்தது இடிந்து விழுந்த மண் வீடுகளுக்குள். இதை மறைத்துவிட்டு மண்ணைப் புகழ எனக்கு மனம் வராது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நிலநடுக்கம், மழை, புயல் மூன்றையும் இன்று பேசிவிட ஆசை.

நீங்கள் இப்போது ஓர் அறைக்குள் இருந்தால், இரண்டு சுவர்கள் சேரும் மூலையைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். தரை அசையும்போது ஒரு சுவர் தன் நீளவாக்கில் ஆடும். அதை அது தாங்கிக்கொள்ளும். பக்கத்துச் சுவரோ முன்னும் பின்னும் சாயப் பார்க்கும். இரண்டும் அந்த மூலையைப் பிடித்து இழுக்கின்றன. மண்ணை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மூலை மேலிருந்து கிழிகிறது. கிழிந்ததும் சுவர் தனித்து நிற்கிறது, சாய்கிறது, கூரைக்குக் கீழே பிடிமானம் போய்விடுகிறது. அந்தக் கூரையும் கனமாக இருந்துவிட்டால் உள்ளே இருப்பவர் பிழைப்பது கடினம்.

தமிழில் வீட்டையும் கட்டுகிறோம், மூட்டையையும் கட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். என்னைக் கேட்டால், மண் வீட்டின் ரகசியம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. அடுக்கி வைத்த வீடு விழும். கட்டிய வீடு நிற்கும்.

எப்படிக் கட்டுவது? ஓர் அட்டைப்பெட்டியை எடுங்கள். மேல்மூடி திறந்திருக்கும்போது பக்கத்தை அழுத்தினால் வளைந்துவிடும். மூடியை ஒட்டிவிட்டு அழுத்துங்கள், அசையாது. வீட்டுக்கும் அப்படியே. நான்கு சுவர்களின் தலையிலும் மூலையில் அறுபடாமல் ஓடும் ஒரு மரச்சட்டமோ கான்கிரீட் பட்டையோ வேண்டும். கொத்தனார்கள் பெல்ட் என்று சொல்வது இதைத்தான். அப்புறம், ஜன்னலும் கதவும் மூலையிலிருந்து ஒரு நாலடி தள்ளி இருக்கட்டும். சுவரின் உயரம் அதன் தடிமனைப் போல எட்டு மடங்கைத் தாண்ட வேண்டாம்.

இது ஏட்டில் மட்டும் உள்ள சங்கதி இல்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பூங்கா என்று ஒரு வட்ட வடிவ மண் வீடு உண்டு. நம்மூர்ப் பூந்தோட்டம் இல்லை, வீட்டின் பெயரே அதுதான். வட்டம் என்பதால் கிழிய மூலையே இல்லை. மேலே கூம்பு வடிவத்தில் எடை குறைந்த கூரை. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எத்தனையோ கட்டடங்கள் சரிந்தபோது, ஒழுங்காகக் கட்டியிருந்த பூங்காக்கள் பல நின்றன. காஷ்மீரில் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, இடைவெளிகளில் கல்லையும் மண்ணையும் நிரப்புவார்கள். தஜ்ஜி என்று பெயர். அதிர்ச்சி வந்தால் ஒரு பெரிய வெடிப்பு விழாது, நூறு சின்னச் சின்ன வெடிப்புகள் விழும். ஆட்டத்தின் வேகம் அவற்றில் செலவாகிவிடும். 2005 நிலநடுக்கத்தில் இந்த வீடுகள் தாங்கியதைப் பார்த்துத்தான், மறுகட்டுமானத்தில் தஜ்ஜிக்கு அனுமதி கொடுத்தார்கள். பெரு நாட்டில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் மண் வீடுகளை ஆட்டும் மேடையில் ஏற்றிச் சோதித்தார்கள். சுவரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் வலையை வைத்து, ஊடே கயிற்றால் இறுக்கி, மேலே மண் பூசிய வீடு விரிசல் விட்டது, ஆனால் உதிர்ந்து விழவில்லை. கவனியுங்கள், விரிசல் வரலாம். பிரிந்து விழக்கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே ஓடிவர அவகாசம் கிடைத்தால் போதும்.

ஏன் இத்தனை பாடு, சிமெண்டில் கட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. மண்ணைச் சுடவே வேண்டாம். பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டும் இடத்திலேயே கிடைக்கும். வீடு வேண்டாமென்றால் நனைத்துக் குழைத்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

சரி, எந்த மண்? இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் முதல் சுவரை எழுப்பினோம். மண் வெண்ணெய் மாதிரி குழைந்தது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுப் பல்லுக்கு நடுவே நறநறவென்று அரைபடுகிறதா என்று பார்த்தார். அரைபடவில்லை. "தம்பி, இது பானை மண்ணு. சதை மட்டும்தான் இருக்கு, எலும்பு இல்ல" என்றார். அப்புறம் ஒரு கண்ணாடிப் பாட்டில் கேட்டார்.

அந்தப் பாட்டில் சோதனையை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். வேரும் குப்பையும் கலந்த மேல்மண்ணை விட்டுவிடுங்கள். கொஞ்சம் தோண்டி எடுத்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். வைத்த ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படியும். ஓரிரு மணி நேரத்தில் வண்டல். களிமண் மறுநாள்தான். காலையில் பார்த்தால் வரி வரியாகத் தெரியும். களி ஐந்தில் ஒரு பங்கு, மணலும் சரளையும் பாதிக்கு மேல் என்றால் சுவருக்கு நல்ல மண். எங்கள் பாட்டிலில் மணல் ஒரு நூல் கனம்கூட இல்லை. சுவரை இடித்தோம், மணல் சேர்த்தோம், அதே மண்ணில் மறுபடியும் எழுப்பினோம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

மழைக்கு வருகிறேன். மண் சுவரின் காலும் தலையும் நனையக் கூடாது. தரைக்கு மேல் ஒன்றரை அடிக்காவது கல் கடைக்கால், மேலே நன்றாக வெளியே நீண்ட இறவாரம். இன்னொன்று, தயவுசெய்து மண் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே இளகும், வெளியே நமக்குத் தெரியாது. மண்ணோ சுண்ணாம்போ பூசுங்கள். ஏமனின் ஷிபாம் நகரில் சுடாத பச்சைச் செங்கல்லில் ஏழு மாடி வரைக்கும் வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுந்தவை. விடாமல் பூசிப் பூசித்தான் அவற்றைக் காப்பாற்றி வருகிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. புயலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயலில் கனமான சுவர் நிற்கும், கூரைதான் பறக்கும். அதனால் கூரையின் கைமரங்களைச் சுவர்த் தலையில் இருக்கும் அந்தப் பெல்ட்டோடு கம்பியால் கட்டுங்கள், பெல்ட்டை, சுவருக்குள் கீழே வரை இறக்கிய கம்பியோடு கட்டுங்கள். வெள்ளம் தேங்கும் இடத்தில் வெறும் மண் வேண்டாம். 5 சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய மண் கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்திக் கட்டுங்கள். சாக்குப் பைகளில் மண் நிரப்பி, அடுக்குகளுக்கு நடுவே முள்கம்பி வைத்துக் குவிமாடம் எழுப்பும், கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முறையைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அதற்கு இன்று நேரமில்லை. அங்கேயும் முள்கம்பி செய்வது கட்டும் வேலைதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாட்டிலைக் குலுக்கி வைத்தவர்கள் நாளைக் காலை வரை அதை அசைக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.