இருவரும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பாக்ஸிங்கும் எம்எம்ஏவும்

[திரை: கறுப்பு. மணியோசை மட்டும் கேட்கிறது. மெல்ல ஒரு கூண்டின் கம்பிவலை தெரிகிறது.]

வணக்கம்.

2010 ஆகஸ்ட் 28, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். எண்கோணக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஜேம்ஸ் டோனி. பாக்ஸிங்கில் மூன்று எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனாக இருந்தவர். வருகிற குத்தைத் தோளில் வாங்கி வழுக்கிவிட்டு, அதே மூச்சில் திருப்பிக் குத்துவதில் அவருக்கு நிகரானவர்கள் மிகக் குறைவு. எதிரே ராண்டி கூட்டூர், வயது 47. மல்யுத்தத்திலிருந்து வந்தவர். எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டை நடத்தும் யுஎஃப்சி அமைப்பின் முன்னாள் சாம்பியன்.

மணி அடித்த சில நொடிகளில் கூட்டூர் சட்டென்று குனிந்தார். டோனியின் முன்காலைக் கணுக்காலருகே பிடித்து வாரிவிட்டார். டோனி மல்லாந்து விழுந்தார். அதன்பிறகு அவரால் ஒழுங்காக எழுந்து நிற்கவே முடியவில்லை. 3 நிமிடம் 19 நொடியில், கழுத்தை நெரிக்கும் பிடியில் மாட்டி, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"பாக்ஸிங் எல்லாம் நிஜச் சண்டையில் வேலைக்கு ஆகாது" என்று அப்போது பேசியவர்கள் ஏராளம். ஏழு வருடம் கழித்து பாக்ஸர் ஃப்ளாய்ட் மேவெதர் எம்எம்ஏ வீரர் கானர் மெக்ரெகரைத் தோற்கடித்ததும் அதே பேச்சு அப்படியே தலைகீழானது. இரண்டு தரப்பும் அந்தச் சண்டைகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரை: இரண்டு பாதியாகப் பிரிகிறது. இடது பக்கம் பாக்ஸிங் வளையம், வலது பக்கம் கூண்டு.]

பாக்ஸிங்குக்கும் எம்எம்ஏவுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரைக் கேட்டாலும், "எம்எம்ஏவில் உதைக்கலாம், பாக்ஸிங்கில் கையை மட்டும்தான் பயன்படுத்தலாம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் உங்களை வேறொரு இடத்தைப் பார்க்கச் சொல்வேன். சண்டை போடும் இருவரும் நெருங்கி, உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்ட பிறகு என்ன ஆகிறது?

பாக்ஸிங்கில் இதை க்ளின்ச் என்பார்கள். நடுவர் வந்து பிரித்துவிடுவார். அதனால் குத்து வாங்கித் தடுமாறுகிறவருக்கு க்ளின்ச் ஒரு புகலிடம். கட்டிப்பிடித்துக்கொண்டால் நாலு மூச்சு வாங்கலாம், தலை சுற்றுவது கொஞ்சம் நிற்கும். எம்எம்ஏவில் அப்படிப் பிரித்துவிட யாரும் ஓடி வருவதில்லை. கட்டிப்பிடித்தால் முழங்கால் வயிற்றில் ஏறும், முழங்கை புருவத்தைக் கிழிக்கும், இடுப்பைப் பிடித்துத் தரையில் போடுவார்கள். ஒரு விளையாட்டில் ஆபத்து தணியும் இடம், மற்றதில் ஆபத்து தொடங்கும் இடம். நிற்கும் விதம், கையை வைக்கும் விதம், கையுறையின் அளவு, எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் வேறுபடுகின்றன.

[திரை: பழைய கறுப்பு வெள்ளைச் சித்திரம். மீசை வைத்த இரண்டு பேர், வெறுங்கை.]

பாக்ஸிங் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பிரைஸ் ரிங் விதிகள்படி வெறுங்கையோடு மோதியவர்கள், எதிராளியைப் பிடித்து இடுப்பில் தூக்கி எறியலாம். ஒருவர் கீழே விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. சுற்றுக்கு இவ்வளவு நிமிடம் என்ற கணக்கே கிடையாது. 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மிசிசிப்பி மாநிலத்தில், ஜூலை மாத வெயிலில், 75 சுற்றுகள் மோதினார்கள். வெறுங்கையால் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டச் சண்டை என்று அதைச் சொல்வார்கள்.

1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் இந்த நிலைமையை மெல்ல மெல்ல மாற்றின. கையுறை கட்டாயம், மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுந்து நிற்கப் பத்து நொடி. இவை எல்லோருக்கும் தெரியும். அதே விதிகளில் இருக்கும் இன்னொரு வரி அதிகம் பேசப்படுவதில்லை: மல்யுத்தமோ கட்டிப்பிடிப்பதோ கூடாது. என்னைக் கேட்டால் நவீன பாக்ஸிங் பிறந்தது அந்த வரியில்தான். பிடியைப் பற்றிய பயம் போனதும், மனிதர்கள் கையை மட்டும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒரு ஜாபை, அதாவது முன்கையால் நேராக விடும் குத்தை, எத்தனை விதமாக நீட்டலாம், தலையை எத்தனை அங்குலம் நகர்த்தினால் போதும் என்பதெல்லாம் அப்படி வளர்ந்த அறிவு. வடசென்னைப் பரம்பரைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததும் இந்தக் கையுறை பாக்ஸிங்தான்.

எம்எம்ஏ எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1993 நவம்பர் 12, டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்ஸர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கை குத்துவதற்கு, இன்னொரு கை பிடிப்பதற்கு! பிடிச்சண்டை வீரர் ஹாய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததும், பெரிதாக ஒரு குத்துகூட வாங்காமல் ஜிம்மர்சன் விட்டுக்கொடுத்துவிட்டார். கீழே கிடந்தபோது என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இருந்த விதிகள் மிகச் சொற்பம். எடைப் பிரிவு, கட்டாயக் கையுறை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சுற்றில் ஜெயித்தவருக்குப் பத்துப் புள்ளி என்ற மதிப்பெண் முறையை பாக்ஸிங்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

[திரை: ஒரு வீரரின் பாதங்கள் மட்டும். தரையில் சாக்பீஸ் கோடு.]

சரி, இப்போது கால்களைப் பாருங்கள்.

பாக்ஸர் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். உடம்பு குறுகிய இலக்காகிறது, முன்கை தூரம்வரை எட்டும். எடையின் நல்ல பங்கு முன்காலில் இருக்கும். முன்காலில் ஊன்றித்தான் அவர் குனிகிறார், ஆடுகிறார், வயிற்றில் குத்துகிறார். கூண்டுக்குள் அதே நிலையில் நின்றால், எடை ஏறியிருக்கும் அந்தக் காலின் கெண்டைச் சதையில் உதை விழும். அப்படி நாலைந்து உதை வாங்கினால் கால் மரத்துப்போகும். கால் போனால் குத்தும் போய்விடும், ஏனென்றால் குத்தின் பலம் தரையிலிருந்து காலும் இடுப்பும் வழியாகத்தான் ஏறி வருகிறது. அதே மாதிரி, பாக்ஸிங்கில் அழகாகக் குனிந்து குத்தைத் தவிர்த்தால் கைதட்டல் கிடைக்கும். கூண்டில் குனிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும்.

ஆகவே எம்எம்ஏ வீரர் கொஞ்சம் நேராகத் திரும்பி நிற்பார், கைகளைச் சற்றுத் தாழ வைப்பார். இடுப்பைப் பிடிக்க ஒருவர் பாய்ந்தால் இரண்டு கால்களையும் பின்னால் எறிந்து தப்ப வேண்டுமே! பாக்ஸிங் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நிலை அரைகுறையாகத் தெரியலாம். இடுப்புக்குக் கீழே இருக்கும் அபாயங்களையும் சேர்த்துத்தான் அவர் அப்படி நிற்கிறார்.

[திரை: மேசைமேல் இரண்டு ஜோடிக் கையுறைகள்.]

கையுறைக்கு வருவோம். தொழில்முறை பாக்ஸிங்கில் 8 அல்லது 10 அவுன்ஸ். 10 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட 280 கிராம். எம்எம்ஏ கையுறை பொதுவாக 4 அவுன்ஸ், விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிடிக்க வேண்டும் என்பதால். பாக்ஸர் இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு முன் சுவர்போல வைத்துக்கொள்ளலாம். 4 அவுன்ஸில் சுவர் கட்ட முடியாது. எதிராளியின் சின்ன முஷ்டி இடுக்கு வழியாகப் புகுந்துவிடும்.

பெரிய கையுறை தலையைக் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது குத்துகிறவரின் கை எலும்பை. கை உடையாது என்ற தைரியத்தில் தலையில் இன்னும் அதிகமாகக் குத்தலாம். அதோடு பத்து நொடி எண்ணிக்கையையும் சேர்த்து யோசியுங்கள். மூளை குலுங்கி விழுந்தவர் எழுந்து நின்றால், அதே தலையில் அடி தொடரும். எம்எம்ஏவில் எண்ணிக்கை இல்லை. விழுந்தவர்மேல் பாய்ந்து குத்தலாம், பார்க்கவே கொடூரமாக இருக்கும். ஆனால் தற்காத்துக்கொள்ள முடியவில்லை என்று நடுவர் கண்டதும் அங்கேயே முடிந்தது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி முடிந்ததும் பரிசோதித்தபோது எம்எம்ஏ வீரர்களில் 59 சதவீதத்தினருக்கும் பாக்ஸர்களில் 50 சதவீதத்தினருக்கும் ஏதோ ஒரு காயம் இருந்தது. போட்டியில் சுயநினைவை இழந்தவர்கள் என்று பார்த்தால் கணக்கு திரும்பிவிடுகிறது: பாக்ஸர்கள் 7 சதவீதம், எம்எம்ஏ வீரர்கள் 4 சதவீதம். ரத்தம் அதிகம் தெரிகிற விளையாட்டும் மூளைக்கு அதிக ஆபத்தான விளையாட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1982இல் ரே மன்சினியுடன் 14ஆவது சுற்றுவரை மோதி விழுந்த தென்கொரிய பாக்ஸர் டுக் கூ கிம் சில நாட்களில் இறந்தார். இளம் வயதுதான். அதன் பிறகுதான் 15 சுற்றுப் பட்டச் சண்டைகள் 12 சுற்றுகளாகக் குறைந்தன. பாக்ஸிங்கை நேசிக்கிற யாரும் அந்தப் பெயரை மறக்கக் கூடாது.

[திரை: டோக்கியோ, புடோக்கான் அரங்கம்.]

இனி எல்லை தாண்டியவர்களைப் பார்ப்போம். 1976 ஜூன் 26, டோக்கியோ. முகமது அலிக்கும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகிக்கும் 15 சுற்று. இனோகி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்தார். அலியின் குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவு டிரா. பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். ஆனால் அலியின் கால் வீங்கி, ரத்தக் கட்டிகள் உண்டாகி, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. நான்கு வருடம் கழித்துச் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அதே அலிதான். கெண்டைச் சதை உதையின் மதிப்பை எம்எம்ஏ உலகம் புரிந்துகொள்வதற்குப் பல வருடங்கள் முன்பே அவருடைய கால்கள் அதை அனுபவித்துவிட்டன.

[திரை: லாஸ் வேகாஸ் இரவு விளக்குகள்.]

2017 ஆகஸ்ட் 26, லாஸ் வேகாஸ். மேவெதரும் மெக்ரெகரும் பாக்ஸிங் விதிகளில் மோதினார்கள். அந்த எடைக்கு 10 அவுன்ஸ் கையுறைதான் விதி. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் இந்த ஒரு முறைக்கு 8 அவுன்ஸ் அனுமதித்தது. முதல் சில சுற்றுகளில் மெக்ரெகர் நன்றாகவே செய்தார். கவனிக்க வேண்டியது, நெருங்கும்போதெல்லாம் அவர் உடம்பு என்ன செய்தது என்பதை. மேவெதரின் முதுகுப்பக்கம் போய் நின்றார், முஷ்டியின் பக்கவாட்டால் பின்தலையில் தட்டினார். நடுவர் ராபர்ட் பேர்ட் மறுபடி மறுபடி பிரித்துவிட்டார். கூண்டில் முதுகைப் பிடித்தால் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி. வளையத்தில் அதற்குக் கிடைப்பது எச்சரிக்கை. பல வருடம் பழகிய உடம்புக்கு அது ஒரே இரவில் மறந்துவிடாது. மேவெதர் அவசரப்படவில்லை. கையைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், எதிராளி களைக்கும்வரை காத்திருந்தார். பத்தாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். மேவெதரின் 50ஆவது வெற்றி, தோல்வியே இல்லாமல்.

[திரை: மணல் குவாரி. பிறகு ரியாத்.]

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஃபிரான்சிஸ் இங்கானுவின் கதை. கேமரூன் நாட்டில் சிறுவனாக இருந்தபோதே மணல் குவாரியில் வேலை செய்தவர். மைக் டைசனைப் போல பாக்ஸராக வேண்டும் என்பது கனவு. அந்தக் கனவோடு எல்லைகளைக் கடந்து பாரிஸ் வந்து சேர்ந்தார், வீடில்லாமல் தூங்கினார். அங்கேதான் எம்எம்ஏ பக்கம் திரும்பினார். யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் ஆன பிறகு, 2023 அக்டோபர் 28 அன்று ரியாத்தில், தன் முதல் தொழில்முறை பாக்ஸிங் சண்டையில், டைசன் ஃபியூரியின் முன் நின்றார். ஃபியூரி அப்போது உலக சாம்பியன். மூன்றாவது சுற்றில் இங்கானுவின் இடது கை ஃபியூரியைத் தரையில் உட்கார வைத்தது! முடிவில் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் ஃபியூரிக்குக் கொடுத்தார்கள், ஒருவர் இங்கானுவுக்கு. அந்தக் கணத்தில் நான் கத்திய கத்து இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தே மாதத்தில் அடுத்த பாக்ஸிங் சண்டை, எதிரே முன்னாள் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆந்தனி ஜோஷுவா. இந்த முறை எதிராளி அசட்டையாக வரவில்லை. முதல் சுற்றிலேயே இங்கானு விழுந்தார், இரண்டாவது சுற்றில் இன்னும் இரண்டு முறை விழுந்தார். கடைசிக் குத்துக்குப் பிறகு எண்ணிக்கையே தேவைப்படவில்லை.

[திரை: மீண்டும் கூண்டு. அதே ரியாத்.]

2024 அக்டோபர் 19. சில மாதங்களுக்கு முன்புதான் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்த இங்கானு, கூண்டுக்குத் திரும்பினார். எதிரே ஹெனான் ஃபெரேரா, ஆறடி எட்டங்குல உயரம், நீண்ட கை, நின்று மோதினால் மிக ஆபத்தானவர். இங்கானு அவரோடு நின்று மோதிக்கொண்டிருக்கவில்லை. நெருங்கினார், பிடித்தார், கீழே போட்டார். மேலே இருந்தபடி குத்தி முதல் சுற்றிலேயே முடித்தார். எழுந்ததும் மகனை நினைத்து அழுதார்.

[திரை: இங்கானுவின் முகம். ஒலி அடங்குகிறது. கறுப்பு.]