இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியோ, அது ஏற்கும் செயலியோ இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவும் முறைப்படி அடுத்த பதிப்புக்குப் போக வழியின்றி நிற்கின்றன. இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு அடிக்கடி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். எக்செல்லையும் ஃபோட்டோஷாப்பையும் நம்பிப் பிழைப்பவர் எப்படி மாறுவது என்ற தயக்கமும் கூடவே எழுகிறது.

அந்தத் தயக்கம் நியாயமானதே. இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் தேடுவதால்தான் பலருடைய முயற்சி பாதியில் நின்றுபோகிறது என்பது என் கருத்து. வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இணைய உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், வேர்டு, எக்செல் வேலைகளைச் செய்யும் லிப்ரெஆஃபீஸ், படங்களைத் திருத்தும் கிம்ப், ஓவியம் வரையும் இங்க்ஸ்கேப் ஆகியவை லினக்ஸில் மட்டுமல்ல, விண்டோஸிலும் இயங்குகின்றன. ஆகவே, பழகிய கணினியில் இருந்தபடியே அவற்றில் அன்றாட வேலையைச் செய்து பார்த்து, எது கைகொடுக்கிறது, எது கழுத்தறுக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இயங்குதளத்தை மாற்றினால், புதிதாகப் பழக வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.

உண்மையான சிக்கல் கோப்புகளில் இருக்கிறது. காலிப்ரி எழுத்துருவில் அமைத்த ஒரு வேர்டு ஆவணத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து உட்காரும். எழுத்துகளின் அகலம் சற்றே மாறும். முதல் பக்கத்தில் முடிந்த அட்டவணையின் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குத் தாவும். பார்ப்பவர் லிப்ரெஆஃபீஸைத் திட்டுவார். காலிப்ரியின் அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்ட கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவை நிறுவினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. எக்செல்லில் வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்கும் சிறு நிரல்களான மேக்ரோக்களுக்கு இவ்வளவு எளிய மருந்து கிடையாது. விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதிய சிறு மேக்ரோக்கள், லிப்ரெஆஃபீஸின் விரிதாள் பகுதியான கால்க்கில் ஓடக்கூடும். பெரியவற்றை மீண்டும் எழுத வேண்டிவரலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஓரிரு மென்பொருள்கள் மிஞ்சும். 1993இல் தொடங்கிய வைன் திட்டம், விண்டோஸ் நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும் வகையில் மாற்றித் தருகிறது. அதையே அடித்தளமாகக் கொண்டு கணினி விளையாட்டு நிறுவனமான வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டான், ஏராளமான விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்திருக்கிறது. ஆனால் உரிமச் சரிபார்ப்பையோ கருவியைக் கணினியோடு இணைந்து இயங்கவைக்கும் தனி வன்பொருள் இயக்கியையோ சார்ந்த தொழில்முறை மென்பொருளுக்கு வைனை நம்பி இறங்க வேண்டாம். அத்தகையவற்றை லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியில், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினியில், விண்டோஸை நிறுவி ஓட்டலாம். வரைகலைச் செயலியை அதிகம் கேட்கும் வேலையானால் இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் தனித்தனியாக வைத்துக்கொள்வதே மேல். இப்படி ஒரு காலை விண்டோஸில் வைத்திருப்பதைச் சிலர் இழுக்காகக் கருதுகிறார்கள். வருமானம் தரும் வேலையைக் கைவிட்டுக் கொள்கையைக் காப்பாற்றும்படி யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2013இல் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்தது. 2017இல் அதன் மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது. விண்டோஸை விட்டு நகர மறுத்த சிறப்பு மென்பொருள்களும், வெளியாரோடு பரிமாறிய கோப்புகளும் ஓயாத தலைவலியாக இருந்தன என்பதும் உண்மை. ஒரு மாநகராட்சிக்கு நேர்ந்தது தனி ஒருவருக்கும் சிறிய அளவில் நேரலாம்.

முன்பு சொன்னபடி இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் நிறுவ இறங்குவோர், வட்டின் இடத்தை அவற்றுக்கெனப் பிரிப்பதற்கு முன் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம், அந்தச் சாவி இல்லாவிட்டால் பூட்டிய வட்டைத் திறக்க வேறு வழியில்லை.