சிவாஜியை ஆக்கியது மேடையே

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம்.

நடிகர் திலகம் சிவாஜி கணேசனை ஆக்கியது மேடையா, திரையா? எதிரணித் தங்கச்சி ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார்: "பக்கத்தில் கமரா நிற்க, கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்தினார். மேடை கொடுத்த பழக்கம் அதுதான்." நீங்களும் கை தட்டினீர்கள். கையை மடக்கிவிடாதீர்கள், எனக்கும் வேண்டும்.

ஒரு ஊரில் கட்டபொம்மன் கூத்து. சின்னப் பெடியன் ஒருவன் பார்க்கப் போகிறான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை. பார்க்க வந்த பிள்ளைகளையே மேடையில் ஏற்றுகிறார்கள். கணேசன் வெள்ளைக்காரச் சிப்பாய்! யாருடைய பிள்ளை? வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போன சின்னையா மன்றாயருடைய பிள்ளை! வீட்டுக்குப் போனதும் என்ன கிடைத்தது? அடி! நடித்ததற்கு அல்ல ஐயா, வெள்ளைக்காரன் பக்கம் நின்றதற்கு! கட்டபொம்மன் பக்கம் நின்றிருந்தால் முதுகு தப்பியிருக்கும்.

அடி வாங்கினவன் அடங்கினானா? பெற்றோர் இருக்க, "நான் அநாதை" என்று பொய் சொல்லி நாடகக் கம்பனியில் சேர்ந்தான். முதல் வேடம் சீதை. அப்புறம் அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி. அதைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர்தான் சிவாஜி. 1957இல் சேலத்தில் அதே கட்டபொம்மனாக மேடையேறினார். 1959இல் அது படம். 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர். அந்தச் சிப்பாய்ப் பெடியன், ஐயா!

தங்கச்சி, ஜாக்சன் துரை கிஸ்தி கேட்கும்போது கட்டபொம்மன் கிசுகிசுக்கவா வேண்டும்? 1985இல் 'முதல் மரியாதை' வந்ததே, அதில் கத்தினாரா? குரலை ஏற்றப் பழகினவனுக்குத்தான் இறக்கவும் தெரியும்.

மிகை நடிப்பாம்! எங்கள் இசை நாடகக் கலைஞர் காங்கேசன்துறை வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாட, விடிய விடிய இருந்து அழுத சனம் நாங்கள். செத்தவீட்டில் எங்கள் ஆச்சிமார் நெஞ்சில் அடித்துக் குழறுவதும் மிகையா? எங்கள் துக்கம் எப்போது மெல்லமாகப் பேசியது?

அநாதை என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையைப் பெற்ற ராஜாமணி அம்மாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் போனுக்குக் காத்திருக்கிற தாய்மார் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்! அந்தத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தது மேடை. உலகமே அவளைத் தேடி வந்து வாழ்த்தும் மகனாகத் திருப்பிக் கொடுத்ததும் மேடைதான். அந்தத் தாயை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் ஐயா.